வெள்ளை நாய்க்கும் நிறம் உண்டு

வெள்ளை நாய்க்கும் நிறம் உண்டு என்று சொன்னதற்காக, கொண்டுவந்து வைத்த காப்பியைக் குடிக்காமலே ஒரு வீட்டிலிருந்து நான் வெளியேற வேண்டியிருந்தது. அதற்கு முன்பு மாட்டைப் பற்றியும் ஆட்டைப் பற்றியும் எத்தனையோ கசப்பான செய்திகளைச் சொல்லியிருக்கிறேன். யாரும் முகம் சுளித்ததில்லை. நாய் விஷயம் வேறு. மாடு அந்த வீட்டின் வரும்படி. நாய் அந்த வீட்டுக்காரரின் மீசை மாதிரி.

என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி சென்ற மாதம் போனில் பேசினாள். நாய்க்குட்டியின் தலையில் ஒயரைப் பொருத்தி, இரண்டு காதும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று திரையில் காட்டும் கருவியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். இது இல்லாமல் உங்கள் காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, எழுதித் தருகிறேன் என்றேன். வரிசைப்படுத்தினால்தான் எனக்கு எதுவும் தெளிவாக வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கால்நடை ஆய்வாளர் பயிற்சி முடித்தேன். தடுப்பூசி, குடற்புழு நீக்கம், சினை ஊசி, சினைப் பரிசோதனை எல்லாவற்றையும் கை பழகும்வரை செய்யவைத்தார்கள். மரபியலுக்கு ஒதுக்கியது ஒரு வாரம். அதில் பாதி பட்டாணிச் செடி, மீதி கோழிக் கொண்டை. வெறிநோய்ப் பாடத்தைத் தவிர நாய் என்ற சொல்லே வகுப்பில் வரவில்லை. பயிற்சி முடிந்ததும் திருச்சுழிப் பக்கம் ஒரு மருந்தகத்தில் வேலை கிடைத்தது. சொந்த ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன்.

அங்கே டாக்டராக இருந்தவர் ஞானமுத்து. சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, சாணி மிதிக்கும் வேலைக்குப் பாலிஷ் போட்ட ஷூவோடு வருவார். அவர் வேலைசெய்யும் விதத்தில் மூன்று விஷயங்கள் மாறவே மாறாது. எந்த விலங்கையும் தொடுவதற்கு முன்பு அதன் பக்கத்தில் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். யார் எதைச் சொன்னாலும் தவறு என்று சொல்லமாட்டார். "அப்படியும் இருக்கலாம்" என்பார். அதற்குப் பிறகுதான் பரிசோதனையைத் தொடங்குவார். மூன்றாவது, கொண்டுவந்தவரிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்: "இது உங்க வீட்டுல என்ன வேலை பார்க்குது?"

பால் கறக்குது, வண்டி இழுக்குது என்று பதில் வரும். ஒருமுறை நொண்டிக் காளை ஒன்றை ஓட்டிவந்தவர் தயங்கினார். "ஒரு வேலையும் பாக்கல சார். எங்கய்யா வாங்குனது. அதான் நிக்குது" என்றார். டாக்டர் தலையசைத்தார். "அப்ப நிக்கிறதுதான் அதோட வேலை. நிக்க வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டுக் குளம்பைத் தூக்கினார். எனக்கு வேலை பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

நாய்களுக்கு வரும் முன் செம்மறியாடு. எங்கள் எல்லையில் பல மந்தைகளில் ஒரே கிடாய் வருடக்கணக்கில் நின்றது. அதன் மகளோடும் பேத்தியோடும் அதுவே சேர்ந்தது. குட்டிகள் சிறுத்தன, சில தாடை கோணிப் பிறந்தன. கண்ணேறு, காட்டேரி என்று பல காரணங்கள் சொன்னார்கள். கிடாய்களை ஊர்விட்டு ஊர் மாற்றிவிட்டாலே போதும் என்பதை அவர்கள் ஏற்க இரண்டு ஈற்றுக் காலம் ஆனது. தாய் யார் என்று மட்டுமே பார்க்கும் ஊரில் தகப்பனையும் பார்க்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்று அதில் கற்றுக்கொண்டேன்.

இனி மல்லாங்கிணறு தனுஷ்கோடி அண்ணாச்சி. மிளகாய் வத்தல், மல்லி கமிஷன் கடை வைத்திருந்தார். வீட்டை ஒட்டியே குடோன். அதில் வெள்ளை வெளேரென்று, மூக்கு ரோஜா நிறத்தில், இடுப்புயரம் நிற்கும் இராசபாளையம் ஜாதி ஆண் நாய். வெள்ளைக்காரன் நிறம் என்பதால் பெயர் துரை. அதே ரத்தத்தில் ஒரு பெட்டை, சீனி. துரையைத் தங்கள் பெட்டையோடு சேர்க்க அருப்புக்கோட்டை, காரியாபட்டியிலிருந்தெல்லாம் கேட்டு வருவார்கள். காசு வாங்கமாட்டார். அந்த வட்டாரத்து வழக்கப்படி ஈற்றில் ஒரு குட்டி ஆண் நாயின் வீட்டுக்கு வந்துவிடும். அதை அவர் தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுப்பார். அவர் கையால் வெள்ளைக் குட்டி வாங்கியிருப்பது கடைத்தெருவில் ஒரு கௌரவம்.

துரையிடம் ஒரு பழக்கம் இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நேராக வராது. தலையைத் தூக்கி வேறு பக்கம் பார்க்கும். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றும். அதன் பிறகே கூப்பிட்டவரிடம் வந்து நிற்கும். "துரை ரவுண்ட்ஸ் போயிட்டு வாராரு" என்று குடோன் ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். யாருக்கும் சட்டென்று அடங்காத ராஜ குணம் என்று அண்ணாச்சி சொல்வார்.

எங்களை அந்த வீட்டுக்கு அழைத்துப்போனது அவர் கொடுத்த குட்டி ஒன்று. பின்னால் வந்த வண்டிக்கு விலகாமல் நின்று கால் முறிந்து மருந்தகத்துக்கு வந்தது. திமிர் பிடித்த நாய், ஹாரனுக்கும் அசையாது என்றார் கொண்டுவந்தவர். டாக்டர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது ஊசி கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் மூடி என் கையிலிருந்து நழுவி விழுந்தது. டாக்டர் திடுக்கிட்டார். நாய் அவர் முகத்தையே அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

மல்லாங்கிணறு போனோம். துரையோடு சேர்ந்து சீனி ஈன்று ஆறு வாரம் ஆகியிருந்தது. அத்தனையும் வெள்ளைக் குட்டிகள். அண்ணாச்சியின் ஒரே மகள் முத்துமாரிக்கு அடுத்த வருடம் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. அந்த வீட்டுப் பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது கூடவே ஒரு குட்டியும் போகும். அவருடைய அக்காவோடு போயிருக்கிறது, அத்தையோடு போயிருக்கிறது. இந்த முறை அது வெறும் வழக்கமாக மட்டும் இருக்கவில்லை. முத்துமாரி போகவேண்டிய வீடு திருச்சுழி தாண்டி, தோட்டத்துக்குள் தனியாக நிற்பது. மாப்பிள்ளைக்குச் சொந்த லாரி. லோடு ஏற்றினால் நாலைந்து நாள் கழித்துத்தான் வருவார். வீட்டில் பார்வை மங்கிய மாமனார் மட்டும். பக்கத்துத் தோட்டத்தில் பட்டப்பகலில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அண்ணாச்சி மகளைக் காட்டி, "இதுல ஒண்ணு எம் மகளுக்குக் காவல் இருக்கப் போகுது சார்" என்றார். காது கேட்கிறதா என்று பார்க்கலாமா என்றதும் அவர் சிரித்துவிட்டு, பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துவந்து சிமெண்டுத் தரையில் போட்டார். குட்டிகள் அத்தனையும் துள்ளிக் குதித்தன.

"பாத்தீகளா?"

"அப்படியும் இருக்கலாம் அண்ணாச்சி" என்றார் டாக்டர். "ஒரு கயித்துக் கட்டில் கிடைக்குமா?"

கருவி இல்லாத இடத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்காக அந்த முறையை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்று, குட்டிக்கு ஐந்து வாரமாவது ஆகியிருக்க வேண்டும். பிறவிச் செவிடு அதற்குள்தான் உறுதிப்படும்.

இரண்டு, தரை கூடாது. செவிட்டுக் குட்டி பாதத்தால் அதிர்வை உணரும். கயிற்றுக் கட்டிலில் சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் விட வேண்டும்.

மூன்று, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு குட்டி துள்ளினால் செவிட்டுக் குட்டியும் அதைப் பார்த்துத் துள்ளும்.

நான்கு, பின்பக்கமிருந்து செய்ய வேண்டும். நிழல் விழக்கூடாது, கை வீசும் காற்றும் படக்கூடாது.

ஐந்து, சின்னச் சத்தத்தில் தொடங்க வேண்டும். முதலில் காகிதம் கசக்குதல், பிறகு சாவிக்கொத்து, கடைசியில் சைக்கிள் மணி. ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல காதுள்ள குட்டியும் சலித்துப்போய்த் திரும்பாது.

அன்று மதியம்வரை பார்த்தோம். இரண்டு குட்டிகள் எதற்கும் திரும்பவில்லை. மணியை அடித்துக்கொண்டே இருந்தோம். அவை சாக்கின் முனையைக் கடித்துக்கொண்டிருந்தன. அண்ணாச்சி சாவிக்கொத்தை வாங்கித் தானே ஆட்டிப் பார்த்தார். சின்னக் குட்டிதானே, வளர வளரக் கேட்கும் என்றார்.

தாய் தகப்பனையும் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வாரம் வீரசோழன் பக்கம் மாடுகளுக்குக் கோமாரி வந்து அவர் அங்கே போய்விட்டதால், வேலை என் பொறுப்புக்கு வந்தது. சீனிக்குச் சந்தேகமே இல்லை. கொல்லையில் தீப்பெட்டி உரசினால் வாசலில் எழுந்து நிற்கும். துரையும் கூப்பிட்டால் வரத்தான் செய்தது. அந்தச் சுற்று மட்டும் எனக்கு உறுத்தியது. இடதுபுறம் நின்று கூப்பிட்டேன், இடதுபுறம் திரும்பியது. வலதுபுறம் நின்று கூப்பிட்டேன், அப்போதும் இடதுபுறமே திரும்பியது. பிறகு சுற்ற ஆரம்பித்தது.

ஒரு காது மட்டும் கேட்கும் நாய்க்குச் சத்தம் கேட்கும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. சுற்றிப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும். ஆனால் அந்தச் சுற்றை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஒரு காதை அடைத்துவிட்டுப் பார்க்க நாய் விடாது. அதுவாகவே ஒரு காதை அடைத்துக்கொள்ளும் நேரம் ஒன்று உண்டு. ஒருக்களித்துப் படுத்துத் தூங்கும் நேரம்.

வெயில் உச்சிக்கு ஏறியதும் குடோனில் வேலை நிற்கும். துரை வத்தல் மூட்டைகளுக்கு இடையில் படுத்துத் தூங்கும். நெடியில் எனக்குத் தும்மல் வரும். மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு நிற்பேன். நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க முத்துமாரி மோர் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு தினமும் வந்தாள். அவள் தும்மமாட்டாள். அதனால் சாவிக்கொத்தை அவளிடமே கொடுத்தேன். வலது காது தரையில் அழுந்த, இடது காது மேலே இருக்கும்படி படுத்திருந்த நாட்களில் சாவி லேசாகக் கிலுங்கினாலே துரை கண்ணைத் திறந்தது. இடது காது அழுந்தப் படுத்திருந்தபோது சாவிக்கும் எழவில்லை, மணிக்கும் எழவில்லை. வாசலில் லாரி வந்து ஹாரன் அடித்தபோதுகூட அதன் வயிறு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

முத்துமாரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப இது ரவுண்ட்ஸ் போகலையாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நம்மளத் தேடுது."

அன்றே அவள் அப்பாவிடம் சொல்லிவிடுவதுதான் சரி என்று முடிவுசெய்தேன். அண்ணாச்சி உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. என்ன கண்டேன் என்பதை முதலில் சொன்னேன். ஏன் அப்படி என்பதை அடுத்துச் சொன்னேன். வெள்ளை நாய்க்குள்ளும் கறுப்போ செவலையோ ஒரு நிறம் இருக்கிறது. தாயின் வயிற்றில் குட்டி உருவாகும்போது நிறம் கொடுக்கும் அணுக்கள் முதுகுத்தண்டின் ஓரத்தில் தோன்றி உடம்பெங்கும் பரவுகின்றன. அவை குறைவாக இருந்தால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்வதில்லை. சேராத இடம் வெள்ளையாக நிற்கிறது. காதின் உட்புறம் வேலைசெய்யவும் அதே வகை அணுக்கள் வேண்டும். அங்கேயும் சேராவிட்டால் செவிடு. எல்லா வெள்ளை நாயும் செவிடு என்று அர்த்தமில்லை. வெளியே வெள்ளையாக இருந்தும் உள்ளே அணுக்கள் சேர்ந்திருக்கலாம், சீனிக்கு அப்படித்தான். ஆனால் ஒரு காது போன வெள்ளையை வெள்ளையோடு, அதுவும் சொந்த ரத்தத்தோடு சேர்த்தால், ஈற்றுக்கு ஈற்று செவிடு கூடும். கட்டிலில் திரும்பிய மற்ற குட்டிகளிலும் ஒரு காது மட்டும் கேட்பவை இருக்கலாம்.

இதுவரை அவர் பொறுமையாகவே கேட்டார். அடுத்ததைச் சொன்னபோதுதான் முகம் மாறியது. அந்த வீட்டில் இன்னொரு வழக்கம் இருந்தது. வெள்ளை ஈற்றில் காதிலோ முதுகிலோ செவலைத் திட்டோடு ஒரு குட்டி பிறந்தால், வேலி தாண்டி வந்த ஏதோ நாயின் குட்டி என்று சொல்லி, கண் திறக்குமுன் மாடசாமி என்ற குடோன் ஆள் கூடையில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்தத் திட்டு கலப்பால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை, இரண்டு வெள்ளைக்கும் பிறக்கும், மறைந்திருக்கும் நிறம் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்றேன். காதில் நிறம் உள்ள குட்டிக்குக் காது கேட்க வாய்ப்பு அதிகம். தலைமுறை தலைமுறையாக அவர்கள் கழித்துக்கட்டியது பெரும்பாலும் கேட்கும் காதுகளைத்தான்.

"எங்கய்யா காலத்துல இருந்து நாய் வளக்குறோம்" என்றார். சத்தம் உயரவில்லை. "துரைக்குச் செவிடுன்னு நீங்க வெளிய சொன்னா, நான் எத்தன பேருக்குப் பதில் சொல்லணும் தெரியுமாம்மா? கலப்புக் குட்டியக் கழிச்சது பாவம்னு வேற சொல்லுவீக போல."

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அவர் எழுந்து கடைப்பக்கம் போய்விட்டார். காப்பியைத் தொடாமல் நானும் எழுந்தேன்.

மறுநாள் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். உண்மையைச் சொன்னதில் குறையில்லை, அவர் யோசிக்க இடம் வேண்டும், நாமாகப் போகவேண்டாம் என்றார். அடுத்த பருவத்துக்குச் சீனியைத் துரையோடு சேர்த்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "சேத்துட்டா, அந்தக் குட்டிகளையும் கட்டில்ல போட்டுப் பாப்போம்" என்றார். அவருடைய அந்த நிதானம் அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை முத்துமாரி சொல்லித்தான் அறிந்தேன். நான் போன பிறகும் அவள் சாவிக்கொத்தை விடவில்லை. ஒரு மதியம் அப்பாவை வலுக்கட்டாயமாக மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து, தூங்கும் துரையின் தலைக்குமேல் மணியை அடித்துக் காட்டியிருக்கிறாள். அவர் பார்த்துவிட்டு, அசந்து தூங்குகிறது என்றிருக்கிறார். அவள் துரையைத் தட்டி எழுப்பி மறுபக்கம் படுக்கவைத்து, அது தூங்கும்வரை காத்திருந்து, மறுபடி அடித்திருக்கிறாள். துரை எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"அப்பா, அங்கன பகல் முச்சூடும் நான் ஒத்தையில இருக்கணும்" என்றாளாம். "எனக்கு வெள்ளை நாய் வேண்டாம். காது கேக்குற நாய் வேணும்."

"செவலைக் குட்டியப் பிடிச்சிட்டுப் போனா, பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

"பாக்குறவுகளா வந்து எனக்குக் காவல் இருக்கப் போறாக?"

அண்ணாச்சி சில நாள் கழித்து மருந்தகத்துக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்து, சீனிக்கு வேறு ஆண் நாய் பார்க்கவேண்டும் என்றார்.

எங்களுக்குத் தெரிந்ததில் நல்ல நாய் திருச்சுழிக்கு மேற்கே சூசை என்பவரிடம் இருந்தது. அதே ஜாதி, நல்ல உயரம், இரண்டு காதும் முதுகும் செவலை. பெயர் சிப்பாய். சூசை வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுபவர், கொஞ்சம் வத்தலும் விளைவிப்பவர். அந்த வத்தலை அண்ணாச்சி கடைக்குத்தான் கொண்டுபோவார். ஈரம் என்று சொல்லி அங்கே பலமுறை அதை ஒதுக்கியிருக்கிறார்கள். அண்ணாச்சி எங்களோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றபோது அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"வாங்க மொதலாளி. மாப்பிள்ளை பாக்க வந்தீகளாமே?"

அண்ணாச்சி ம் என்றார்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க. அமுக்கிப் பாருங்க. ஈரமா இருந்தா இப்பவே சொல்லிப்புடுங்க."

டாக்டர் சட்டென்று குனிந்து ஷூவின் கயிற்றை இழுத்துக் கட்டினார். அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிப்பாயை நாங்கள் இரண்டு மதியம் பார்த்தோம். எந்தப் பக்கம் படுத்தாலும் எழுந்தது. எந்தத் திசையிலிருந்து கூப்பிட்டாலும் நேராக வந்தது. வழக்கப்படி ஒரு குட்டி தருவதாக அண்ணாச்சி சொன்னார். சூசை வேண்டாம் என்றார். "குட்டி எனக்கு எதுக்கு? பெறக்குறதுல ஒண்ணையும் கூடையில அள்ளக் கூடாது. அதான் எனக்குத் தரவேண்டியது." அந்தக் கூடையைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது.

சீனி ஈன்றபோது நான் போயிருந்தேன். சில குட்டிகள் முழு வெள்ளை, சில செவலைத் திட்டோடு. குட்டி போட்ட செய்தி கேட்டு மாடசாமி வழக்கம்போலக் கூடையோடு வந்து நின்றார். அண்ணாச்சி கூடையைப் பார்த்தார், குட்டிகளைப் பார்த்தார். பிறகு அந்தக் கூடையில் வைக்கோல் அள்ளிக்கொண்டு வரச் சொன்னார்.

முந்தைய ஈற்றின் செவிட்டுக் குட்டிகள் இரண்டும் நன்றாகவே வளர்ந்தன. ஒன்றை டாக்டர் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். இன்னொன்று அண்ணாச்சியின் மனைவியிடம் இருந்தது. மதில் தாண்டி விடமாட்டார்கள். கையைக் கீழே காட்டினால் உட்காரும், உள்ளங்கையை மடக்கினால் வரும். செவிட்டு நாயைக் கொல்லத் தேவையில்லை. அதிலிருந்து குட்டி எடுக்காமல் இருந்தால் போதும். துரைக்கும் அந்த வருடம் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சை நடந்தது. தகப்பன் வேலையிலிருந்து அதற்கு ஓய்வு.

குட்டிகளுக்கு ஆறு வாரமானதும் கட்டிலைப் போட்டோம். எல்லாமே திரும்பின. அண்ணாச்சி அன்றைக்கு என்னிடம் நேராகவே பேசினார். முழு வெள்ளையில் ஒரு பெட்டைக் குட்டி அத்தனை லட்சணமாக இருந்தது. வெள்ளையும் கிடைத்துவிட்டது, காதும் கிடைத்துவிட்டது, மகளோடு இதையே அனுப்பிவிடலாம் என்றார். தூங்கும்போதும் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் கடையை ஆளிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறித் திருச்சுழிக்கு வந்தார். என் மேஜைமுன் உட்கார்ந்து சாவிக்கொத்தை எடுத்து வைத்தார். "மூணு நாளா மத்தியானம் படுக்கலம்மா. அந்த வெள்ளைக் குட்டி வலது பக்கம் சரிஞ்சு படுத்தா எந்திரிக்க மாட்டேங்குது. நான் சரியாத்தான் பண்ணுதனான்னு நீங்க ஒருக்க வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் செய்திருந்தார்.

கல்யாணம் முடிந்து முத்துமாரி புறப்பட்ட அன்று, இரண்டு காதும் செவலையான ஒரு பெட்டைக் குட்டியை அவள் மடியில் வைத்திருந்தாள். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமா குட்டியைத் தூக்கிப் பார்த்தார். "என்ன மச்சான், ஒம் மக நேரத்துக்கு வெள்ளை தீந்து போச்சா?" என்று எல்லோரும் கேட்கக் கேட்டார். சிரித்தார்கள். முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "வெள்ளை இருக்கு மச்சான். அதுக்கு ஒரு காது கேக்காது. எங்க துரைக்கே ஒரு காது கேக்காது. எம் மகளுக்குக் கேக்குறதத்தான் குடுத்தேன்" என்றார். அத்தனை பேர் நடுவில் அதை அவர் சொன்னது அதுவே முதல்முறை. தாய்மாமா குட்டியை மறுபடி அவள் மடியில் வைத்தார்.

எட்டுப் பத்து நாள் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்து நான் வீடு வந்தபோது அண்ணாச்சி எங்கள் வாசலில் நின்றிருந்தார். துரையின் குட்டிகள் போன வீடுகள் அத்தனையும் தனக்கு ஞாபகம் இருக்கிறது, காரியாபட்டி மில்காரர் வீட்டில் உள்ள பெட்டையை அடுத்த வாரம் சேர்க்கப்போகிறார்களாம், அதற்குமுன் போய்விட வேண்டும் என்றார். டாக்டர் சொன்னால் கேட்பார்கள், நீங்கள் ஏன் அலையவேண்டும் என்று கேட்டேன். தான் கொடுத்ததைத் தானே போய்ப் பார்ப்பதுதான் முறை என்றார்.

மல்லாங்கிணறு வழியாகக் காரியாபட்டிக்குப் பஸ் பிடித்தோம். மில்காரர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். துரைக்கு அடுத்த ஜோடி கேட்டு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார் போலிருந்தது. வெள்ளைப் பெட்டை ஒன்று முற்றத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி நாற்காலியில் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தார்.

"இதுக்கு ஒரு குறை இருக்கலாம்ப்பா" என்றார். "இருந்தா, அது எங்க வீட்டுல இருந்து வந்தது. கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்க. பாத்துச் சொல்லுதேன்."